45 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும்?

கேள்வி இதுதான். தம்பி ஒருவர் காரில் எடுத்துப்போகிற 45 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறார். பெட்டியில் 60 வாட் என்று போட்டிருக்கிறது. அதை 24 மணி நேரத்தால் பெருக்கி, ஒரு நாளைக்கு 1,440 வாட்-மணி என்று கணக்குப் போட்டுவிட்டார். கடைக்காரரும் 1,500 வாட்-மணி பவர் ஸ்டேஷன் (கையில் எடுத்துப்போகிற பெரிய பேட்டரிப் பெட்டி) இல்லாமல் ஒரு நாள்கூடத் தாங்காது என்று சொல்லியிருக்கிறார். தம்பி போகும் இடங்கள் இரண்டு: சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சனிக்கிழமை இரவு கூடாரம் போடுவது, வருஷத்தில் ஓரிரு முறை குடும்பத்தோடு மலேசியாவின் மெர்சிங் போய், சனி முதல் திங்கள் வரை கடற்கரையில் தங்குவது. அம்மாவின் இன்சுலினும் அந்த ஃபிரிட்ஜில்தான் வரும். "அண்ணே, அவ்வளவு பெரிய பேட்டரி உண்மையிலேயே வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம் தம்பி. ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு, நீங்கள் ஃபிரிட்ஜை நிரப்பும் விதத்தைப் பொறுத்து, 300-லிருந்து 700 வாட்-மணிக்குள் வேலை முடிந்துவிடும். மெர்சிங்குக்கு 1,000 வாட்-மணியும் ஒரு 100 வாட் சோலார் பேனலும் போதும். ஆனால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். எப்படி வந்தன என்று தெரிந்தால்தான் உங்கள் பெட்டிக்கு நீங்களே கணக்குப் போட முடியும். குளிர்பதன வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் 60 வாட் என்பது கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும்போது இழுக்கும் மின்சாரம். அது நாள் முழுக்க ஓடுவதில்லை. உள்ளே குளிர் வந்ததும் நின்றுவிடும். இரண்டு மூன்று டிகிரி ஏறியதும் மறுபடி ஓடும். ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் இறைக்க வேண்டும் என்பதை வாளியின் அளவு தீர்மானிப்பதில்லை, ஓட்டைதான் தீர்மானிக்கிறது. இங்கே ஓட்டை என்பது வெளியிலிருந்து சுவர் வழியாக உள்ளே வருகிற வெப்பம். ஆகவே நமக்கு வேண்டியது 24 மணி நேர சராசரி வாட். அதைப் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் பெருக்கல், வகுத்தல்தான்.

அந்த வெப்பத்தை ஓரளவுக்குக் கணக்கிட்டே பார்க்கலாம். 45 லிட்டர் பெட்டியின் சுவரில் நான்கு சென்டிமீட்டர் நுரைக் காப்பு இருக்கிறது, வெளியே 32 டிகிரி, உள்ளே 4 டிகிரி என்று வையுங்கள். 28 டிகிரி வித்தியாசம். சுவர் வழியாக மட்டும் ஏறக்குறைய 20 வாட் வெப்பம் நுழையும். மூடியின் ரப்பர் ஓரம், கம்ப்ரசர் இருக்கும் பக்கத்துச் சூடு எல்லாம் சேர்த்தால் 23, 24 வாட் ஆகும். இந்த மாதிரிச் சிறிய கம்ப்ரசர்கள் நம் ஊர் வெயிலில் ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் ஒன்றரை வாட் வெப்பத்தை வெளியே தள்ளும். அப்படியானால் சராசரி மின்சாரம் 15, 16 வாட். ஒரு நாளைக்கு 360-லிருந்து 385 வாட்-மணி. நல்ல காப்பு உள்ள பெட்டிகள் 300-க்குப் பக்கத்தில் நிற்கும். சுவர் மெலிந்த மலிவுப் பெட்டிகள் 450-ஐயும் தாண்டும். எப்படிப் பார்த்தாலும் 1,440 வராது. அவ்வளவு வந்தால் கம்ப்ரசர் ஒரு நிமிஷம்கூட ஓய்வில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது பேட்டரியை விட்டுவிட்டு ஃபிரிட்ஜைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கம்ப்ரசர் இல்லாமல், மின்சாரம் பாய்ந்ததும் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு வைத்த மலிவான "கூலர் பெட்டி"களும் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நிற்கவே நிற்காமல் 45, 50 வாட்டை நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். வெளி வெப்பத்தைவிட 15, 20 டிகிரிதான் குறைக்கும். அவற்றுக்கு உங்கள் 24 மணி நேரப் பெருக்கல் பொருந்தும். கடைக்காரர் அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கலாம்.

அடுத்து, விளம்பரத் தாளில் போட்டிருக்கும் நுகர்வு. பல தாள்களில் வெளி வெப்பம் 25 டிகிரி, உள்ளே 5 டிகிரி என்று வைத்துத்தான் அளந்திருப்பார்கள். சில நல்ல தயாரிப்பாளர்கள் 32 டிகிரிக்கான எண்ணையும் தருவார்கள். அது இருந்தால் அதையே எடுங்கள். 25 டிகிரி எண் மட்டும் இருந்தால் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். 20 டிகிரி வித்தியாசம் 27, 28 ஆவது ஒரு காரணம். வெளியே சூடு கூடக் கூட கம்ப்ரசரின் திறனும் இறங்குவது இன்னொரு காரணம். சிங்கப்பூரில் சாதாரண நாளிலேயே மதியம் 31-லிருந்து 33 டிகிரி, இரவில் 25 பக்கம். 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் வெயிலைவிட மோசமானது பூட்டிய கார். வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரிக்கு மேல் சுலபமாகப் போகும். உள்ளே 4, வெளியே 50 என்றால் வித்தியாசம் 46. நுழையும் வெப்பம் ஒன்றரை மடங்குக்கு மேல்; கம்ப்ரசரின் திறனோ ஒரு வாட்டுக்கு ஒரு வாட் என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஆக, நிழலில் 15 வாட் சராசரி எடுத்த அதே ஃபிரிட்ஜ் காருக்குள் 35 வாட்டை எடுக்கும். பேட்டரிக்கு இரண்டு மடங்கு செலவழிப்பதைவிட நிழல் பார்த்து நிறுத்துவது மலிவு. கூடாரத்துக்குள்ளும் வைக்க வேண்டாம். மதியம் அதுவும் அடுப்பு மாதிரிதான். மரத்தடியில், காற்றோட்டமாக, கம்ப்ரசர் பக்கத்துச் சல்லடையை எதுவும் அடைக்காமல் வையுங்கள்.

மூடியைத் திறந்து மூடுவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். மேலே திறக்கிற பெட்டியில் குளிர்காற்று கீழேயே தங்கிவிடும், அதனால் பெரிய இழப்பு இல்லை. நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போய் சுவரில் பனியாகப் படிவது உண்டு. பத்து விழுக்காடு கூட்டிக்கொண்டால் போதும்.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது: வெதுவெதுப்பான பொருளை உள்ளே வைப்பதில். கணக்கைப் பாருங்கள். பேரங்காடியில் 330 மில்லி லிட்டர் டின் 24 உள்ள ஒரு அட்டைப்பெட்டி வாங்குகிறீர்கள். ஏறக்குறைய எட்டு கிலோ திரவம். அதை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க 230 வாட்-மணி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். கம்ப்ரசருக்கு அது 150 வாட்-மணி மின்சாரம். சும்மா மூடிவைத்த ஃபிரிட்ஜ் பத்து மணி நேரம் ஓடுகிற மின்சாரத்தை இந்த ஒரு அட்டைப்பெட்டி குடித்துவிடும். பூங்காவுக்குப் போகும் வழியில் டின்களை வாங்கி நேராக உள்ளே அடுக்குகிறவர்கள்தான் மறுநாள் காலை பேட்டரி காலி என்று புலம்புகிறார்கள். ஃபிரிட்ஜ் மேலும் பேட்டரி மேலும் எந்தத் தப்பும் இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை இரவே எல்லாவற்றையும் வீட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்துவிடுங்கள். இந்தப் பெட்டியையும் வீட்டு மின்சாரத்தில் செருகி, மேக்ஸ் (முழு வேக) முறையில் ஓடவிட்டு, சனிக்கிழமை கிளம்பும்வரை குளிர்ந்தபடி வையுங்கள். வீட்டு மின்சாரம் ஒரு யூனிட் (1,000 வாட்-மணி) சுமார் 30 காசு. பெட்டியைக் குளிரவைக்க அரை யூனிட்டுகூட ஆகாது. அதே அரை யூனிட்டைத் தூக்கிச் சுமக்கிற பேட்டரியாக வாங்கினால் பல நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் போத்தல் இரண்டை, கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு, வீட்டு உறைபெட்டியில் கட்டியாக உறையவையுங்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது மட்டும் 93 வாட்-மணி வெப்பத்தை உறிஞ்சும். மைனஸ் 18-லிருந்து பூஜ்ஜியத்துக்கு ஏறுவதையும், உருகிய பிறகு 5 டிகிரிக்கு வருவதையும் சேர்த்தால், இரண்டு போத்தலும் சேர்ந்து 218 வாட்-மணி வெப்பம் தாங்கும். மின்சாரக் கணக்கில் அது 145 வாட்-மணி மிச்சம். கூடுதலாக எடுத்துப்போகும் எடை இரண்டே கிலோ. மறுநாள் அதுவே குடிக்கிற தண்ணீர். இந்த அளவு மின்சாரம் தரும் லித்தியம் பேட்டரிக்கும் ஏறக்குறைய இதே எடைதான் வரும், அதைக் குடிக்க முடியாது.

இவ்வளவும் பொதுக் கணக்கு. உங்கள் பெட்டியின் சராசரி என்ன என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம், பேட்டரி வாங்குவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள். சுவர்ச் செருகியில் மாட்டி அதன் மேல் பிளக்கைச் செருகுகிற மின்னளவி இணையக் கடைகளில் சில பத்து வெள்ளிக்குள் கிடைக்கும். மூன்றுமுனை செருகியில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெட்டிக்குள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போத்தல்களை வைத்து, 4 டிகிரிக்கு அமைத்து, ஓர் இரவு ஓடவிடுங்கள். காலையில் அளவியைப் பூஜ்ஜியமாக்கி, சரியாக 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இடம் முக்கியம்: குளிர்சாதனம் ஓடுகிற படுக்கையறையில் அளந்தால் ஏமாற்றும் எண்தான் வரும். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில், வெயில் படாத மூலையில் வையுங்கள். புளோக்கின் பொது நடைபாதையில் வேண்டாம். வந்த எண்ணில் பத்துப் பதினைந்து விழுக்காடு பிளக்கோடு வரும் அடாப்டரின் சூடாகப் போயிருக்கும். பேட்டரியில் 12 வோல்ட்டில் நேராக ஓட்டும்போது அது இருக்காது. உதாரணத்துக்கு அளவி 0.42 யூனிட் காட்டினால், 420 வாட்-மணியில் 13 விழுக்காடு கழித்து 365. அதை 24-ஆல் வகுத்தால் 15 வாட் சொச்சம்.

அளந்தது 20 வாட்டைத் தாண்டினால் மூடியின் ரப்பரைச் சோதியுங்கள். ஒரு தாளை ஓரத்தில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். நான்கு பக்கமும் பிடிமானம் இருக்க வேண்டும். எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்றுப் போய்வந்துகொண்டிருக்கிறது. புதுப் பெட்டி என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சரி, தேவை தெரிந்துவிட்டது. இனி பேட்டரி. கடையில் மூன்று விதமாக எண் போட்டிருப்பார்கள், அங்கேதான் குழப்பம். பவர் ஸ்டேஷனில் வாட்-மணி என்றே இருக்கும். அது நேரடிக் கணக்கு. தனியாக விற்கும் பேட்டரியில் ஆம்பியர்-மணி இருக்கும். வோல்ட்டால் பெருக்க வேண்டும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் 12.8 வோல்ட், ஆக 1,280 வாட்-மணி. பவர் பேங்க் வகையில் 50,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பெரிய எண்ணாகப் போடுவார்கள். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. பெருக்கினால் 185 வாட்-மணிதான். 12 வோல்ட்டால் பெருக்கி 600 என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

பேட்டரியில் எழுதியிருப்பது முழுவதும் ஃபிரிட்ஜுக்கு வந்து சேராது. பவர் ஸ்டேஷனின் 12 வோல்ட் வாய் வழியாக எடுத்தால், உள்ளிருக்கும் மின்மாற்றம் போக 87 விழுக்காடு அளவுக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 15 விழுக்காட்டை அவசரத்துக்கு விட்டுவிட வேண்டும். ஆகவே தேவையை 0.87-ஆல் வகுத்து, மறுபடி 0.85-ஆல் வகுத்தால் வாங்க வேண்டிய அளவு. சுருக்கமாகச் சொன்னால் தேவையை 1.35-ஆல் பெருக்குங்கள். ஈய-அமில பேட்டரி என்றால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஆயுள் சீக்கிரம் போய்விடும். அதனால் இரண்டால் பெருக்க வேண்டும். அதே 100 ஆம்பியர்-மணிக்கு அது 27, 30 கிலோ கனக்கும், லித்தியம் 11, 12 கிலோதான். இன்றைக்கு இந்த வேலைக்கு ஈயம் வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பலர் கவனிக்காத இரண்டு விஷயங்கள் பவர் ஸ்டேஷனிலேயே இருக்கின்றன. முதலாவது, ஃபிரிட்ஜோடு வந்த வீட்டுப் பிளக்கை எடுத்து பவர் ஸ்டேஷனின் 230 வோல்ட் செருகியில் மாட்டுவது. செய்யாதீர்கள். அந்தச் செருகியைத் திறந்துவைத்திருப்பதற்கே, ஒன்றும் மாட்டாமலேயே, உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் பல மாடல்களில் 10-லிருந்து 20 வாட்டைத் தின்னும். ஈஸ்ட் கோஸ்ட்டில் தங்கும் 21 மணி நேரத்துக்குக் குறைந்தது 210 வாட்-மணி வெறும் சூடாகப் போகும். அதற்கு மேல் அடாப்டர் இழப்பு வேறு. 12 வோல்ட் வட்ட வாய் எதற்காக இருக்கிறது? அதில் மாட்டுங்கள்.

இரண்டாவது, மின்சாரம் குறைவாக இழுக்கப்பட்டால் தானே அணைந்துவிடுகிற சிக்கன முறை. ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் இருபது நிமிஷத்தில் விளக்கு அளவுக்கு மின்சாரம்தான் போகும். யாரும் பயன்படுத்தவில்லை என்று பவர் ஸ்டேஷன் 12 வோல்ட் வாயை மூடிவிடும். இரவு பத்து மணிக்குப் பார்த்தால் 4 டிகிரி, காலை ஆறு மணிக்குப் பார்த்தால் 17 டிகிரி, பேட்டரியோ முக்கால்வாசி நிறைந்திருக்கும். அமைப்பில் போய் அந்தச் சிக்கன முறையை அணைத்துவையுங்கள். ஃபிரிட்ஜில் இருக்கும் ஈகோ முறை வேறு; அது கம்ப்ரசரை மெதுவாக, அதிக நேரம் ஓட்டி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். பேட்டரியில் இருக்கும்போது அதையே போடுங்கள்.

இப்போது ஈஸ்ட் கோஸ்ட் கணக்கு. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வாங்கி, சனி மதியம் மூன்று மணிக்குக் கூடாரம், ஞாயிறு நண்பகல் கிளம்புகிறீர்கள். 21 மணி நேரம். சராசரி 15 வாட் என்றால் 315 வாட்-மணி. திறந்து மூட 30 சேர்த்தால் 345. வழியில் வாங்கிய 24 டின்னை உள்ளே வைத்தால் இன்னும் 150, மொத்தம் 495. அதை 1.35-ஆல் பெருக்கினால் 670. இதுவே, எல்லாம் வீட்டிலேயே குளிர்ந்து வருகிறது, இரண்டு உறைந்த போத்தலும் கூடவே வருகிறது என்றால், 345-இல் 145 கழித்து 200. பெருக்கினால் 270. அதே ஃபிரிட்ஜ், அதே இரவு, அதே வெயில். கார் நிறுத்துமிடத்திலிருந்து கூடாரம்வரை தள்ளுவண்டியில் இழுத்துப்போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

மெர்சிங் கொஞ்சம் வேறு கதை. சோதனைச்சாவடி வரிசையையும் சேர்த்துப் போக நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் ஓடும் அந்த நேரமெல்லாம் கார் மின்சாரம் இலவசம். பவர் ஸ்டேஷனைக் கார் வாயில் மாட்டி, ஃபிரிட்ஜைப் பவர் ஸ்டேஷனில் மாட்டுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் காரில் மாட்டினால் ஃபியூஸ் போக வாய்ப்புண்டு. கார் வாய் தோராயமாக 100 வாட் கொடுக்கும்; ஃபிரிட்ஜ் எடுத்தது போக 80 வாட் பேட்டரியில் ஏறும். போய்ச் சேரும்போது நிறைந்திருக்கும்.

சனி பகல் பதினொரு மணியிலிருந்து திங்கள் மதியம் இரண்டு மணிவரை 51 மணி நேரம். கடற்கரை வெயிலுக்கு 16 வாட் என்று வைத்தால் 816. அங்கே வாங்கும் மீன், தண்ணீர், பழச்சாறு என்று இரண்டு நாளும் புதுச் சரக்கு உள்ளே போகும், 200 சேருங்கள். உறைந்த போத்தலுக்கு 145 கழித்தால் 871. அதை 1.35-ஆல் பெருக்கினால் 1,176. பேனல் இல்லாமல் போவதானால் 1,200-க்குக் குறையாமல் வேண்டும். பேனல் இருந்தால் 1,000 போதும்.

பேனலைப் பற்றி நியாயமான எதிர்பார்ப்பு வேண்டும். சிங்கப்பூரில் வருஷத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,580 கிலோவாட்-மணி சூரிய சக்தி விழுகிறது. நாள் சராசரி 4.3. மெர்சிங் பக்கத்து ஊர்தான். தரையில் தட்டையாக வைத்த 100 வாட் பேனல், சூடு, தூசி, மின்மாற்றம் எல்லாம் போக, நல்ல வெயில் நாளில் 300 வாட்-மணிவரை தரும். மேகமூட்டமான நாளில் நூறுகூடச் சந்தேகம். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவமழை மெர்சிங் கரையை விடாமல் நனைக்கும். அந்த மாதங்களில் பேனலைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ஒரு தென்னை ஓலையின் நிழல் விழுந்தாலே பாதி மின்சாரம் போய்விடும். ஃபிரிட்ஜுக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு வெயில் வேண்டும். ஐந்து மீட்டர் நீட்டிப்புக் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கான செலவு வீண் போகாது.

பவர் ஸ்டேஷனே வேண்டாம், கார் பேட்டரியில் ஓட்டலாமா என்றும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். வண்டி கிளப்புகிற பேட்டரி 50 ஆம்பியர்-மணி என்றால் 600 வாட்-மணி. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் காலையில் கிளம்புமா என்பது சந்தேகம். 120 வாட்-மணியை 15-ஆல் வகுத்தால் எட்டு மணி நேரம். பழைய பேட்டரி என்றால் அதுவும் இல்லை. சார்ஜ் ஏற்ற இஞ்சினை ஓடவிட்டு நிறுத்தியிருக்கலாம் என்றால், சிங்கப்பூரில் அது அபராதத்துக்குரிய குற்றம். நிறைய கார்களில் சாவியை எடுத்ததும் அந்த 12 வோல்ட் வாயும் அணைந்துவிடும். பயணத்தின்போது மட்டும் காரில், நிறுத்தியதும் பவர் ஸ்டேஷனில் என்பதுதான் சரி.

காரில் மாட்டும்போது கம்பியைக் கவனியுங்கள். சில ஃபிரிட்ஜ்களோடு வரும் மூன்று மீட்டர் கம்பி மிக மெல்லியது, 0.75 சதுர மில்லிமீட்டர். போக வர ஆறு மீட்டர். ஐந்து ஆம்பியர் போகும்போது கம்பியிலேயே 0.7 வோல்ட் விழுந்துவிடும். பேட்டரியில் 12.2 இருந்தால் ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேருவது 11.5. அதற்கான அறிகுறி தெளிவாக இருக்கும்: கம்ப்ரசர் கிளம்பும், சில நொடியில் நின்றுவிடும், திரையில் பிழைக் குறி, ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். வாயில் செருகிய பிளக்கைத் தொட்டால் சுடும். ஃபிரிட்ஜ் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிப்போகிறார்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டாகக் குறையும். சிம் லிம் டவரில் கம்பியும் இணைப்பிகளும் வாங்கலாம். பிளக் முனையையும் சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜில் குறைந்த வோல்ட் பாதுகாப்பு என்று மூன்று நிலை இருக்கும்: ஹை, மீடியம், லோ. காரில் மாட்டும்போது ஹை. பேட்டரி அதிகம் இறங்குவதற்கு முன்பே ஃபிரிட்ஜ் நின்று வண்டியைக் காப்பாற்றும். பவர் ஸ்டேஷனில் மாட்டும்போது லோ. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதற்கே தெரியும். இதை மாற்ற மறந்துவிட்டு, பாதி பேட்டரி மிச்சம் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது என்று சொல்பவர்கள் ஏராளம்.

மைனஸ் 18-இல் வைத்து ஐஸ்கிரீம் கொண்டுபோகலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வித்தியாசம் 50 டிகிரி ஆகிவிடும், சராசரி 40 வாட்டைத் தொடும், ஒரு நாளுக்கே 1,000 வாட்-மணி. அப்போதுதான் கடைக்காரர் சொன்ன 1,500-க்கு வேலை வரும். ஐஸ்கிரீமை அங்கேயே வாங்கிக்கொடுங்கள்.

அம்மாவின் இன்சுலினுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் அலட்சியம் கூடாது. திறக்காத இன்சுலின் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு முறை உறைந்துபோனால் பிறகு உருகினாலும் பயன்படுத்தக் கூடாது, தூக்கிப்போட வேண்டியதுதான். இந்தப் பெட்டிகளில் குளிர்விக்கும் குழாய் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. திரையில் 4 என்று காட்டினாலும் சுவரை ஒட்டிய இடமும் அடிப்பகுதியும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கலாம். ஆகவே இன்சுலினை ஒரு சிறிய மூடி போட்ட டப்பாவில், துண்டு சுற்றி, நடுவில் மேல்பக்கமாக வையுங்கள். உறைந்த போத்தலுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஒரு சிறு வெப்பமானி வைத்து, கிளம்புவதற்கு முந்தின இரவு முழுக்க அந்த இடத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 5 டிகிரிக்கு அமைப்பது பாதுகாப்பு. பயன்பாட்டில் இருக்கும் பேனாவை வெளியே வைக்கலாம் என்று மருந்துத் தாளில் இருந்தாலும், பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே என்ற நிபந்தனை இருக்கும். மதியக் கூடாரம் அதைத் தாண்டிவிடும். பேட்டரிக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், இன்சுலினுக்கென்று ஒரு குளிர்ப் பையும் ஜெல் பொதிகளும் கூடவே இருக்கட்டும். டின் சூடானால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இது அப்படி இல்லை.

வாங்குவதைப் பற்றி என் அபிப்பிராயம்: வருஷத்தில் ஓரிரு முறை போகிற மெர்சிங்குக்காக, அடிக்கடி போகிற ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு 13 கிலோ சுமக்க வேண்டாம். 500 வாட்-மணி அளவில், லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில், ஆறு ஏழு கிலோவில் ஒன்று வாங்குங்கள். மெர்சிங் போகும்போது அதே அளவில் இன்னொன்றை நண்பரிடம் இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று ஃபிரிட்ஜில் இருக்கும்போது மற்றது பேனலில் ஏறிக்கொண்டிருக்கும். ஒன்று பழுதானாலும் இன்சுலினுக்கு இன்னொன்று இருக்கும்.

வீட்டில் சார்ஜ் ஏற்றும்போது வாசற்கதவுப் பக்கம் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழி அதுதான். இரவில் மாட்டிவிட்டுத் தூங்குவதையும் குடிமைத் தற்காப்புப் படை வேண்டாம் என்றே சொல்கிறது. 500 வாட்-மணி பவர் ஸ்டேஷன் மூன்று மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். சனிக்கிழமை காலை பசியாறிவிட்டுச் சாமான் கட்டும்போது கூடத்தில் கண்ணெதிரே ஏற்றினால், மதியம் கிளம்புவதற்குள் முடிந்திருக்கும்.